குப்பை அள்ளிவிட்டு எடுத்த அளவு

உங்கள் சோதனைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கட்டளை இருக்கிறது. "நினைவகச் சோதனை எதுவானாலும் இரண்டு முறை ஓட்டவும். ஒன்று குப்பை அள்ளி, மற்றது அள்ளாமல். இரண்டாவதை, பாவிப்பவர் வைத்திருக்கும் அதே கருவியில், அவர் வேலை செய்யும் அத்தனை மணிநேரத்துக்கும் ஓட்டவும்." இதை எழுதிய புண்ணியவாளர் யார் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பதாகவும், அந்த இரண்டாவது ஓட்டத்தில் ஒரு முழுப் பகலும் போய்விடுகிறதென்று வாய்க்குள் திட்டுவதாகவும் கேள்விப்பட்டேன். எழுதியது நான்தான். திட்டுவதானால் சத்தமாகவே திட்டுங்கள், பாலத்துக்கு அப்பால் கல்லடியில் வீட்டோடு இருக்கிற எனக்குக் கேட்காது.

ஓய்வுபெற்றவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொல்வது இப்போது அலுவலகங்களில் ஒரு சடங்காகிவிட்டது. என்னையும் கேட்டார்கள். மேடையில் ஏற்றினால் நான் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவேன், இந்த வேலைக்கு வருமுன் பல வருடம் கணினி வகுப்பு எடுத்த வாய் இது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். உங்கள் சாதனைகளை எழுதுங்கள் மிஸ் என்றார்கள். சாதனைகளில் பாதி மற்றவர்களுடையவை, மீதி தானாக நடந்தவை. பிழைகள்தான் என் சொந்தச் சொத்து. அதில் பெரியதை உங்களுக்குத் தருகிறேன்.

முதலில் விடயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், வரவேற்பு மேசையில் இருக்கிற பிள்ளையும் இதை வாசிப்பாள். நாம் எழுதும் இணையப் பக்கம் ஓடும்போது, இனித் தேவைப்படாத பொருட்கள் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும். பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவி அவ்வப்போது வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போகும். எப்போது வரும் என்பது அதன் இஷ்டம். எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை எடுக்க வருகிற உழவு இயந்திரம் போலத்தான், நிச்சயம் வரும், ஆனால் நீங்கள் வாளியோடு வாசலில் காத்து நிற்கிற நாளில் வராது. நம்மைப் போன்ற சோதனைக்காரருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. உலாவியின் உட்கருவிகளில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் அந்தக் கணமே வந்து அள்ளும். உலாவியை ஒரு விசேட அனுமதியோடு திறந்தால், சோதனை நிரலே அந்த வேலைக்கு அதைக் கூப்பிடலாம். சாதாரணமாகப் பக்கம் பார்க்கிற எவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்திருங்கள். நான் மறந்துவிட்டேன்.

கதிரவெளியில் ஒரு மீனவர் சங்கத்துக்கு நாங்கள் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தோம். சங்கத்தில் பதினொரு படகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி, அது தொலைபேசிச் சிக்னல் உள்ள தூரம்வரை தான் நிற்கும் இடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். சங்கக் கொட்டிலில் சுவரில் மாட்டிய மலிவான டெப் ஒன்றின், அதாவது பலகைக் கணினியின், திரையில் கடலின் வரைபடமும், இலக்கம் போட்ட கட்டங்களாகக் கோடுகளும், பதினொரு புள்ளிகளும் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் அது வந்த தடம் ஒரு மெல்லிய கோடாக நீளும். அந்தத் தடத்தைப் பக்கம் தன் நினைவில் மட்டும் வைத்திருந்தது. வேறெங்கும் சேமிக்கவில்லை, செலவைக் குறைக்க அப்படி முடிவெடுத்திருந்தோம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலை எழுதியவன் காத்தான்குடி றிஸ்வி. கெட்டிக்காரன், கை வேகம், வாய் அதைவிட வேகம். சோதித்தது நான். ஒப்படைக்க ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் நினைவகச் சோதனை ஒரு நேரம் தேறிப் பச்சை காட்டியும் ஒரு நேரம் தவறிச் சிவப்பு காட்டியும் பேய் பிடித்ததுபோல ஆடத் தொடங்கியது.

"மிஸ், காலம சிவப்பு, பின்னேரம் பச்ச. நான் ஒரு எழுத்தும் மாத்தல்ல. இது என்ன மாயம்?" என்று வந்து நின்றான் றிஸ்வி.

மாயமொன்றும் இல்லை. உலாவி அள்ளுமுன் அளந்தால் நினைவகம் நிறைந்து தெரிந்தது, அள்ளிய பின் அளந்தால் குறைந்து தெரிந்தது. நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் நாமே கூப்பிட்டு அள்ளச் செய்யும் வரி. அள்ளிய பிறகும் எஞ்சி நிற்பதுதானே நிரலில் ஏதோவொன்று விடாமல் பிடித்து வைத்திருப்பது, அதை மட்டும் அளந்தால் போதும். நியாயம் சரியான நியாயம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அன்றிலிருந்து ஆறு மணிநேர ஓட்டமும் பச்சை. றிஸ்வி அந்தச் சந்தோசத்தில் அடுத்த நாள் வீட்டிலிருந்து இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுவந்தான். நான் இரண்டு துண்டு தின்றேன்.

பக்கத்தை ஒப்படைத்தோம். மாதங்கள் போயின. கதிரவெளியிலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. முறைப்பாடு வராததை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு சங்கத் தலைவர் ஏதோ புதிதாகச் சேர்க்க வேண்டுமென்று சொல்ல, நேரில் பார்த்து வர ஒரு நாள் முதல் பஸ்ஸில் புறப்பட்டேன். கொட்டிலுக்குள் நுழையும்போது எட்டு மணி ஆகவில்லை. மேசையில் தவமலர் இருந்தார். சங்கத்தின் எழுதுவினைஞர், நாற்பது வயதிருக்கும், பக்கம் கொடுத்த நாளில் பழக்கிக் கொடுத்தவள் நான் என்பதால் என்னை மிஸ் என்பார். விடிய ஐந்து மணிக்குப் படகுகள் போனதிலிருந்து கடைசிப் படகு திரும்பும்வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. ஒன்பதாம் நம்பர்ப் படகு அவருடைய ஒரே தம்பி யோகனுடையது.

டெப்புக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கியது. நாங்கள் கொடுத்ததல்ல. அதில் படகுக்கு ஒன்றாகப் பதினொரு பத்தி, ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி என்று மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் வெண்கட்டியால் கட்டத்தின் இலக்கங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவமலர் எட்டு மணி வரிசையை எழுத வெண்கட்டியை எடுத்தார்.

"இது என்ன தவமலர்?" என்று கேட்டேன்.

"படகு நிக்கிற இடம் மிஸ். மணிக்கு ஒருக்கா எழுதி வைக்கிற. மறுகா இந்தப் பக்கத்த ஒருக்கா மூடித் திறந்து புதுசாக்குவன். இல்லாட்டி மந்தம் புடிச்சிரும்."

"எப்ப இருந்து இப்பிடிச் செய்றீங்க?"

"நீங்க தந்த கிழமையில இரிந்தே."

"ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

"எல்லாக் கொம்பியூட்டரும் அப்பிடித்தானே மிஸ். சங்கத்து ரீவியும் ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் படம் காட்டும்."

இந்த இடத்தில் ஒரு நல்ல சோதனைக்காரியின் காது நிமிர்ந்திருக்க வேண்டும். மந்தம் என்கிறார், மாதக்கணக்காக என்கிறார், மணிக்கு ஒருமுறை என்கிறார். இதைவிடத் தெளிவான முறைப்பாட்டை யார் எழுதித் தருவார்? எனக்கு அது காதில் விழவே இல்லை. என் பச்சை நிறச் சோதனையை ஒரு ரீவிப்பெட்டியோடு சேர்த்துப் பேசியதுதான் விழுந்தது. ரோசம் வந்துவிட்டது.

"ஆறு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாத்த பக்கம் இது" என்றேன். "எழுதவும் வேணாம், புதுசாக்கவும் வேணாம். இண்டைக்கு ஒரு நாளைக்கு அப்பிடியே விடுங்க. புதுசாக்கினா அதுவரைக்கும் வந்த தடம் அழிஞ்சிரும். விட்டா பின்னேரம் தலைவருக்கு முழு நாள்த் தடத்தையும் காட்டலாம்."

தவமலர் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "யோகன் இண்டைக்குக் கொஞ்சம் வெளியால போறன் எண்டவன் மிஸ்."

"நல்லதுதானே. அவர்ர தடமும் முழுசா விழும்."

வெண்கட்டியை மேசையில் வைத்தார். படித்தவள் சொல்கிறாள் என்று வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

ஒன்பது மணி போனது. பத்து மணி போனது. பிளேன்ரீ குடித்தோம், புதிதாக என்ன வேண்டுமென்று பேசினோம், நான் குறிப்பெடுத்தேன். திரையில் பதினொரு புள்ளிகளும் அழகாக நின்றன. கடலுக்குப் போனவர் வலை போட்டுக் காத்திருப்பது வழக்கம், புள்ளி அசையாமல் நிற்பது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. பதினொரு மணிபோலக் கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று அது. இயந்திரம் நின்றுபோன படகைக் கரைக்கு ஒதுக்காது, வெளியே கொண்டு போகும். கொட்டிலின் தகரம் படபடவென்று அடித்தது. தவமலர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"மிஸ்" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "நாலாம் நம்பர் கரையில நிக்கிது."

நான் திரையைப் பார்த்தேன். நாலாம் நம்பர் நடுக்கடலில் நின்றது.

விரலால் தொட்டேன். இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. பக்கம் செத்துப்போய், செத்தது தெரியாமல் கண்ணைத் திறந்து வைத்திருந்தது. வெறுந்திரையாகப் போயிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். எப்போது நின்றது என்று தெரிய அந்தப் பக்கத்தில் ஒரு மணிக்கூடுகூட இல்லை. வேண்டுமென்று சங்கம் கேட்கவில்லை, றிஸ்வி யோசிக்கவில்லை, சோதித்த நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் ஒவ்வொன்றாகப் பத்துப் படகு கரையேறியது. ஒன்பதாம் நம்பர் வரவில்லை. யோகனின் தொலைபேசி தொடர்பில் இல்லை என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. திரையில் ஒன்பது, வலப்பக்க ஓரத்துக் கட்டத்தில், மற்ற எல்லாப் படகுக்கும் அப்பால் நின்றது.

தவமலர் பக்கத்தைப் புதுசாக்கக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதீங்க."

"விடுங்க மிஸ். என்ட தம்பி."

"தெரியும். தொட்டா ஒம்பது இல்லாமப் போயிரும்."

அவருக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு அரை நிமிடம் கிடைத்தது. யோகனின் பெட்டி இப்போது சிக்னலுக்கு வெளியே இருந்தால், புதிதாகத் திறக்கும் பக்கத்துக்கு ஒன்பதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவன் கடைசியாக எங்கே நின்றான், எந்தப் பக்கமாக வந்தான் என்பது உலகத்தில் இந்தச் செத்த திரையில் மட்டும்தான் இருந்தது. அவர் கையைத் தளர்த்தினார். நான் என் தொலைபேசியால் அந்தத் திரையை இரண்டு தடவை படம் எடுத்தேன். ஒன்று கலங்கிவிட்டது, மற்றது தெளிவாக வந்தது.

பையில் மடிக்கணினி இருந்தது. டெப்பை அதில் இணைத்து உள்ளே தோண்டினால், பக்கம் எப்போது நின்றதென்று கண்டுபிடிக்கலாம். எனக்குத் தெரிந்த வித்தை அதுதான், கை தானாகப் பையைத் திறந்தது. ஆனால் அதற்கு அரைமணி நேரமாவது வேண்டும், கிடைக்குமென்ற நிச்சயமும் இல்லை, வெளியே காற்று. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும் பிள்ளைகளே. தெரிந்த வித்தை ஒரு பக்கம் இழுக்கும், வேண்டிய விடை வேறு யாரிடமோ இருக்கும். நான் பையை மூடிவிட்டுத் தொலைபேசியோடு கரைக்கு ஓடினேன். தவமலர் எனக்கு முன்னால் ஓடினார்.

வலை உதறிக்கொண்டிருந்த நாலாம் நம்பர்க்காரரிடம் படத்தை நீட்டினேன். "இந்தப் புள்ளி நீங்க. நீங்க இதில நிண்டது எத்தின மணிக்கு?"

அவர் கையை உடுப்பில் துடைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். "இதிலயா? வலைய இழுத்து முடிஞ்ச கையோட. பத்துப் பத்தே காலிரிக்கும்."

ஏழாம் நம்பர்க்காரர் எட்டிப் பார்த்தார். "ஓம், அந்த நேரந்தான். ரேடியோவில பத்து மணிச் செய்தி முடிஞ்ச உடன நான் இதால கரைக்குக் கிறுகினன். அப்பதான் யோகன் எனக்குப் போன் எடுத்தவன். மெஷின் ஒரு மாதிரிச் சத்தம் போடுது, பாத்தித்து வாறன் எண்டான்."

அவ்வளவுதான் தேவைப்பட்டது. பத்தேகாலுக்கு ஒன்பதாம் நம்பர் அந்தக் கட்டத்தில், இயந்திரக் கோளாறோடு. அதற்குப் பிறகு கச்சான். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நாலு பேர் என் தொலைபேசியைச் சுற்றி நின்று, காற்று இவ்வளவு, நீரோட்டம் வடக்கே இழுக்கிறது என்று பேசி, படத்தின் ஓரத்தைத் தாண்டி வெறுங்காற்றில் ஒரு இடத்தை விரலால் காட்டினார்கள். என் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு இரண்டு படகு கடலில் இறங்கியது.

கொட்டிலுக்குத் திரும்பி, இப்போது பக்கத்தைப் புதுசாக்கினோம். எட்டுப் புள்ளிகள் கரையில் வந்து குந்தின, தேடப் போன இரண்டும் கரையைவிட்டு நகர்ந்தன. ஒன்பது இருந்த அடையாளமே இல்லை. தவமலர் திரையைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தார். ஐந்து, ஆறு, ஏழு, அதற்குக் கீழே வெறுமை. அவர் பாட்டுக்கு விட்டிருந்தால் அங்கே எட்டும் ஒன்பதும் பத்தும் எழுதியிருக்கும். ஒவ்வொரு மணியும் பக்கம் புதுசாகியிருக்கும், உறைந்தே இருக்காது. பதினொரு மணிக்கு ஒன்பதாம் நம்பரைக் காணவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்க எண்டு விட்டன். கேட்டது என்ட பிழ மிஸ்."

குரலை உயர்த்தவில்லை. முகாமையாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் நான் வாங்கிக் கட்டியவை ஏராளம், ஒன்றும் நினைவில் இல்லை. இது மட்டும் போகவில்லை. அந்த இரண்டு மணிநேரம் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன், வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன் என்று பச்சையாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை மணிபோலத் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது. ஒன்பது. இழுத்துக்கொண்டு வரும்போது சிக்னலுக்குள் வந்துவிட்டது. "தவமலர், பாருங்க" என்றேன். பார்த்தார், பார்த்துவிட்டு என் திரையை நம்பாமல் கரைக்குப் போனார். அவர்மேல் எனக்கு அப்போது வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. யோகன் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து இறங்கினான். இறங்கியதும் தண்ணீர் கேட்டான், பிறகு மீனெல்லாம் பழுதாய்ப் போச்சே என்று புலம்பினான். அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டே ஏசினார்.

"போனுக்குச் சார்ச் போட்டுத்துப் போ எண்டு எத்தின தரம் சொல்ற?"

"போட்டன் அக்கா. சிக்னல் இல்லாட்டி நான் என்ன செய்ய?"

அடுத்த நாள் அலுவலகத்தில் றிஸ்வி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சோதனை முடிவைத் திறந்து காட்டினான். "எல்லாம் பச்ச மிஸ். இங்க பாருங்க. பச்ச எண்டா பச்சதானே."

நான் என் கையால் சேர்த்த வரியை என் கையாலேயே எடுத்தேன். கதிரவெளியில் இருந்தது போலவே மலிவான டெப் ஒன்றை வாங்கி மேசையில் நிறுத்தி, காலை எட்டு மணிக்கு ஓடவிட்டோம். யாரும் தொடக்கூடாது என்று கடதாசியில் எழுதி ஒட்டினேன். பதினொன்றேகால் போலப் புள்ளிகள் நின்றன, கதிரவெளியில் ஏழுக்குப் புதுசாக்கிய பக்கம் பத்தேகாலுக்கு நின்ற அதே கணக்கு. றிஸ்வி விரலால் தட்டிப் பார்த்தான், தவமலர் ரீவிப்பெட்டியைத் தட்டுவதாகச் சொன்னது நினைவு வந்தது.

நடந்தது இதுதான். ஏதாவது ஒரு படகு அசையும்போதெல்லாம் எங்கள் பக்கம் வரைபடத்தைப் புதிய படமாக வரைந்து, பழைய படத்தை எறிந்துவிடும். எறிந்த ஒவ்வொரு படத்துக்கும் உலாவியின் கண்ணில் தெரிவது ஒரு சிறிய துண்டுச்சீட்டு. படத்தின் பாரமெல்லாம் வேறோர் இடத்தில், டெப்பின் வரைகலை நினைவகத்தில் கிடக்கும். உலாவி எட்டிப் பார்க்கும், நாலைந்து துண்டுச்சீட்டு, இதற்கென்ன அவசரம் என்று போய்விடும். அங்கே படங்கள் கூரைவரை குவிந்துகொண்டிருக்கும். எங்கள் சோதனையில் நாங்களே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூப்பிட்டு அள்ளினோம், சீட்டோடு படமும் போயிற்று. கதிரவெளியில் கூப்பிட ஆளில்லை. ஆளிருந்தார் என்றும் சொல்லலாம், தவமலர் மணிக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுசாக்கி அதே வேலையைத் தன் கையால் செய்தார். இங்கே நான், அங்கே அவர். இருவருமாகச் சேர்ந்து அந்தப் பிழையை மாதக்கணக்காகச் சுகமாக வாழவைத்தோம்.

"அப்ப லேசு மிஸ்" என்றான் றிஸ்வி. "பக்கமே மணிக்கொருக்காத் தானாப் புதுசாகிற மாதிரி எழுதி உட்டிருவம்."

"தடம்?"

வாயை மூடிக்கொண்டான். வேகமான வாய்தான், ஆனால் மூட வேண்டிய இடம் தெரிந்த வாய். அன்று பின்னேரத்துக்குள் ஒரு வரி எழுதினான். புதிய படம் வந்ததும் பழைய படத்தை, உலாவிக்காகக் காத்திராமல், நாமே அந்த இடத்திலேயே விடுவித்துவிடும் வரி. எடுத்தவன் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சாரம். பிறகு தடங்களை வெளியே சேமிக்கச் செய்தோம், பக்கத்தின் தலையில் பெரிதாக மணிக்கூடு வைத்தோம், சிக்னல் அறுந்த படகைச் சாம்பல் நிறமாக்கிக் கடைசியாகக் கண்ட நேரத்தை அதனருகே போட்டோம். வேலை முடிந்ததும் றிஸ்வி பெருமூச்சுவிட்டான்.

"அந்த வட்டிலப்பத்த வீணாக் கொண்டாந்திரிக்கன் மிஸ்."

அள்ளும் வரியை நான் தூக்கி எறியவில்லை, அது உங்களுக்குத் தெரியும். அது நல்ல வரி. யாரோ ஒரு பொருளை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால், கூப்பிட்டு அள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது ஒரு கேள்விக்குத்தான் விடை. யாரும் கூப்பிடாத இடத்தில், மலிவான கருவியில், காலை தொடங்கி மத்தியானம் வரை இது தாங்குமா என்பது வேறு கேள்வி. நான் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்கும் பச்சை போட்டேன். பிறகு அந்தப் பச்சையைக் கொண்டுபோய், வேலை தெரிந்த ஒருவரின் கையிலிருந்து வெண்கட்டியைக் கீழே வைக்கச் செய்தேன். முதலாவது பிழையை உங்கள் எல்லோருக்கும் மன்னிப்பார்கள். இரண்டாவதைச் செய்யாதீர்கள். பாவிப்பவர் ஏதாவது வினோதமாகச் செய்வதைக் கண்டால், அதை நிறுத்தச் சொல்லுமுன் ஏன் என்று கேளுங்கள். நான் ஏன் என்று கேட்டேன், விடையும் கிடைத்தது. விடையைக் கேட்டுக்கொள்ளத்தான் மறந்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் புதிய பக்கத்தோடு கதிரவெளிக்குப் போனேன். அதே முதல் பஸ். கச்சான் இன்னும் விடவில்லை, ஆனாலும் பதினொரு படகும் கடலில். யோகனும் போயிருந்தான், இயந்திரத்தைத் திருத்திவிட்டானாம். நான் தவமலருக்கு மணிக்கூட்டைக் காட்டினேன், சாம்பல் நிறத்தை விளக்கினேன், தடம் இனி அழியாது என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

எட்டு மணி ஆயிற்று. தவமலர் வெண்கட்டியை எடுத்தார். எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இண்டைக்கு எழுதலாமா மிஸ்?"

குத்தத்தான் கேட்டார். குத்தட்டும், உரிமை இருக்கிறது.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் எழுதிறன்" என்றேன்.

வெண்கட்டியைத் தந்தார். அவர் திரையைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கட்ட இலக்கங்களைச் சொல்ல, நான் பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். எட்டாம் நம்பர் முடிந்ததும் தவமலர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி, ஒன்பதாம் நம்பருக்குத் தன் கையால் எழுதினார். எழுதிவிட்டு, பத்தை எழுதச் சொல்லி வெண்கட்டியைத் திருப்பித் தந்தார்.